நேர்காணல் அறைக்குள் போகும் முன்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, காலையில் வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருகிறார்.

அடுத்த மாதத்திலிருந்து உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிற நேர்காணல் குழுவில் உன்னையும் போட்டிருப்பதாகச் சொன்னாய். ரொம்பச் சந்தோஷம் கண்ணு. ஆனால் அதோடு சேர்த்து நீ சொன்ன இரண்டு விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை. "ஆள் உள்ள வந்து உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும்மா" என்றாய். பிறகு, "நம்ம பக்கத்துப் பசங்கதாம்மா ரொம்ப மோசம், வாயே திறக்க மாட்டேங்கிறாங்க, எடுக்கவே மனசு வரல" என்றாய். போனில் இதற்குப் பதில் சொல்லப்போனால் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

யாரையும் தாழ்வாக நினைக்கிற பிள்ளை இல்லை நீ. நான் சொல்ல வந்தது வெறுப்பைப் பற்றியும் இல்லை. வெறுப்பு என்றால் வெளியே தெரிந்துவிடும், எதிர்த்துக் கேட்கலாம். நல்ல மனதோடு உட்கார்ந்திருப்பவருக்குள்ளும், எதிரே இருப்பவரைப் பற்றி அவர் அறியாமலே ஒரு முடிவு உருவாகிவிடுகிறது. பிறகு கேட்பதையும் பார்ப்பதையும் அந்த முடிவுக்கு ஏற்றபடியே மனம் எடுத்துக்கொள்கிறது. தமிழாசிரியையாக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனபோதுதான் இதை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

பொதுத்தேர்வு விடைத்தாள் எங்கள் மேசைக்கு வரும்போது அதில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது. முகப்புத்தாளைக் கிழித்துவிட்டு டம்மி எண் போட்டுத்தான் கட்டுக் கட்டாகத் தருவார்கள். பிற்பாடு பார்கோடு வந்தது. எங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல்தானே இப்படிச் செய்கிறார்கள் என்று சில ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. யாருடைய தாள் என்று தெரியாமல் இருப்பது அந்தப் பிள்ளைக்கும் நல்லது, திருத்துகிறவருக்கும் நல்லது.

ஆனால் கையெழுத்தை மறைக்க முடியாது. இரண்டு பக்கமும் ஓரக்கோடு, தலைப்புக்குக் கறுப்பு மை, மேற்கோளுக்கு அடிக்கோடு, முத்து முத்தான எழுத்து. இப்படி ஒரு தாள் வந்தால் முதல் பக்கத்தைத் திருப்பும்போதே 'நன்றாகப் படிக்கிற பிள்ளை' என்று மனம் எழுதிவிடும். பிறகு நெடுவினாவில் ஒரு கருத்து விட்டுப் போயிருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போகும். அடுத்த தாளில் கோழிக் கிறுக்கலாக எழுதியிருப்பான் ஒரு பையன். கருத்து எல்லாம் இருக்கும், ஆனால் நாம்தான் தேட வேண்டும். தேடுகிற எரிச்சலில் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் குறைந்துவிடும். அந்த அழகான எழுத்து யாருக்குக் கைவரும் என்று யோசித்துப் பார். வீட்டில் மேசையும் நல்ல வெளிச்சமும், பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்க ஓர் ஆளும் இருந்த பிள்ளைக்குத்தான் பெரும்பாலும். சாயங்காலமானால் மாட்டைப் பிடித்துக் கட்டப் போகிற பையனுக்கு எழுத்துப் பயிற்சி எங்கே? தமிழை மதிப்பிடுவதாக நினைத்துக்கொண்டு வீட்டு வசதிக்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது.

இதற்காகத்தான் விடைக்குறிப்பு. எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். முதல் நாள் உட்கார்ந்து அதைப் படித்து, கேள்வி கேட்டு, ஒத்த முடிவுக்கு வந்த பிறகுதான் கட்டைப் பிரிப்போம். திருத்திய தாளைக் கூர்ந்தாய்வாளர் பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் சிலவற்றை எடுத்து மறுபடி பார்ப்பார். நாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று யாரும் கேட்டதில்லை. எப்படிப்பட்டவர் உட்கார்ந்தாலும் மதிப்பெண் சரியாக விழும்படி வேலையை அமைத்திருந்தார்கள்.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் நம் நாட்டிலேயே செய்து 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் பரிசுத் தேர்வு ஒன்று வைத்தார்கள். விடைத்தாள்களை நகல் எடுத்து, முகப்புத்தாளில் வயது, ஆணா பெண்ணா, சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரே விடைத்தாள் ஒருவரிடம் மேல்சாதிப் பிள்ளையுடையதாகப் போகும், இன்னொருவரிடம் தாழ்த்தப்பட்ட பிள்ளையுடையதாகப் போகும். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மதிப்பெண் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் பரிசும் வேலையும் பல நேரம் அந்தக் கொஞ்சத்தில்தானே தீர்மானமாகின்றன?

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் மேல்சாதி ஆசிரியர்கள் இல்லை. அந்தக் குறைவு தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து வந்த ஆசிரியர்களின் கையிலிருந்துதான் வந்தது. முதலில் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறகு யோசிக்க யோசிக்க அதில் வியப்பில்லை என்று பட்டது. தன் ஆட்களைப் பற்றி ஊர் சொன்னதையெல்லாம் அந்த ஆசிரியரும் பிறந்ததிலிருந்து கேட்டுத்தானே வளர்ந்திருப்பார்? ஊர் சொன்னது அவருக்குள்ளும் போய்த் தங்கியிருக்கும். 'நம்மவன் என்று கூடுதலாகப் போட்டதாகப் பேச்சு வந்துவிடக் கூடாது' என்ற இறுக்கமும் சேர்ந்திருக்கலாம். இந்த விளக்கம் என்னுடையது, ஆய்வில் இருப்பதாக எடுத்துக்கொள்ளாதே.

"நம்ம பக்கத்துப் பசங்கதாம்மா மோசம்" என்று நீ சொன்னபோது எனக்கு அந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது, கயல். நீயும் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததாக நீயேதான் சொல்லியிருக்கிறாய். பாடம் புரியாமலா இருந்தாய்? வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் வேறொருவர் பதில் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். உன் எதிரே வந்து உட்கார்ந்து வாய் திறக்காத பையனும் அங்கேதான் நிற்கிறான். நீ கஷ்டப்பட்டு அதைத் தாண்டி வந்ததாலேயே அவனிடம் உனக்குப் பொறுமை குறையக்கூடும்.

ஆங்கிலம் சரளமாக வந்தால் கெட்டிக்காரன் என்று எண்ணுவது நம் நாட்டில் ஊறிப்போன பழக்கம். 1920-இலேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதன் அடிப்படையை எழுதியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஒன்றில் உயர்வாகப் போட்டவருக்கு எல்லாவற்றிலும் உயர்வாகப் போட்டிருந்தார்கள். ஆள் கம்பீரமாக இருந்தால் அறிவும் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் அறையில் உடற்கட்டின் இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது.

நேர்காணலுக்கு வரும் முன்பே வேறொரு வடிகட்டல் நடந்துவிடுகிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயரில் அனுப்பிப் பார்த்தார்கள். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த விண்ணப்பங்களைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே ஒதுக்கியிருப்பார்கள்? பெரும்பாலோர் 'இந்தப் பையன் சரியாக வருவான் போலிருக்கிறது' என்று ஒரு தாளை மேலே வைத்திருப்பார்கள், இன்னொன்று தானாகக் கீழே போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பெயரிலேயே சாதி தெரிகிற சிக்கல் நம் ஊரில் இல்லை என்று நீ சொல்லக்கூடும். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோருக்குப் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் பெயர் சொல்லாததை நாம் வேறு வழியில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோமே. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியவா? அப்பா என்ன பண்றார்? வீட்டுல சைவமா? குலதெய்வம் எது?" பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டாலே எதற்கு என்று நமக்குப் புரியும். நேர்காணல் அறையில் இதே கேள்விகள் 'ஃபேமிலி பேக்ரவுண்ட்' என்ற பெயரில் வருகின்றன. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கிறவர்களைச் சந்தித்து எழுதியிருக்கிறார்கள். தகுதி மட்டும்தான் பார்ப்போம் என்று சொன்ன அவர்களே குடும்பப் பின்னணியையும் முக்கியமாகக் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி கேட்பவரின் மனதை மட்டும் சாய்ப்பதோடு நிற்பதில்லை. உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் காகிதத்தில் வழிகண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள், சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது எல்லாப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் போட்டார்கள். எல்லோர் முன்னாலும் பெயரையும் அப்பா பெயரையும் சாதியையும் படித்துக் காட்டிய பிறகு, தாழ்த்தப்பட்ட பையன்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. முந்தைய நிமிஷம் இருந்த அறிவு எங்கே போயிற்று? அதனால் "எந்த ஊர்" என்று இயல்பாகப் பேச்சைத் தொடங்குவதாக நினைத்துக் கேட்டுவிடாதே. சிலருக்கு அந்தக் கேள்வியோடு நேர்காணல் முடிந்துவிடும்.

உங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைப்பார்கள் என்றாய். போய்க் கேள். செகந்திராபாத்தில் படித்து வளர்ந்து இப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் மஹ்ஸரின் பானாஜியும் அவருடன் வேலை செய்தவர்களும் உருவாக்கிய கணினிச் சோதனையைப் பற்றியும் சொல்வார்கள். நம்மை அறியாத சாய்வை அது தொட்டுக் காட்டும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஆளுக்கு இன்று ஒரு முடிவும் நாளை வேறு முடிவும் வருகிறது என்ற குறையும் அதற்கு உண்டு. பயிற்சியால் அந்தச் சோதனை முடிவுகள் கொஞ்சம் மாறினாலும் நடத்தை அதே அளவுக்கு மாறுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மனதைத் திருத்திவிட்டு அப்புறம் வேலையைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது. வேலை செய்கிற முறையை மாற்றலாம், அது உன் கையில் இருக்கிறது.

உளவியலாளர் டேனியல் கானமன் 1950-களில் இளம் அதிகாரியாக இஸ்ரேல் ராணுவத்துக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும், எங்கள் விடைக்குறிப்பு மாதிரியே இருக்கும். எந்தெந்தக் குணம் வேண்டும் என்று ஆறை மட்டும் முதலில் எழுதிக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட கேள்விகள், எல்லோருக்கும் அதே வரிசையில். ஒன்றுக்கு மதிப்பெண் எழுதிய பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒட்டுமொத்தமாக ஆள் எப்படி என்ற அபிப்பிராயம் கடைசியில்தான். உன் வேலைக்கு ஆங்கிலம் உண்மையிலேயே தேவை என்றால் அதையும் ஒரு தலைப்பாக வைத்துக்கொள், அது சரியாக வராதவருக்கு மதிப்பெண்ணை அங்கே மட்டும் குறை. கணினி நிரல் எழுதுகிற திறமைக்கான மதிப்பெண்ணில் அது கை வைக்கக் கூடாது. பதில் வரத் தாமதமானால் தமிழில் சொல்லச் சொல். சென்னையில்தானே இருக்கிறீர்கள், குழுவில் தமிழ் தெரிந்தவர் நீ ஒருத்தியாவது இருப்பாயே.

இன்னொன்று, குழுவில் மூன்று பேர் இருந்தால் பேசுவதற்கு முன் மூவரும் தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதிவிடுங்கள். பெரியவர் ஒருவர் "எனக்குத் திருப்தியா இல்ல" என்று சொல்லிவிட்டால் அப்புறம் மற்றவர் கண்ணுக்கும் குறைதான் தெரியும். முதலில் வருகிற இரண்டு மூன்று பேரைக் கடைசியில் ஒருமுறை மறுபடி எடுத்துப் பார். அந்த விடைத்தாள் ஆய்விலும் ஆரம்பத்தில் திருத்திய தாள்களில்தான் சாய்வு கூடுதலாக இருந்தது. அளவுகோல் இன்னும் மனதில் பிடிபடாத நேரத்தில் சாதியும் சட்டையும்தான் அளவுகோலாகிவிடுகின்றன.

'அவ்வளவு நேரம் எங்கேம்மா' என்பாய். ஒருவருக்கு அரை மணி நேரம்தான் தருகிறீர்கள் என்று தெரியும். அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து நாலு வருஷம் படிக்க வைத்திருக்கிறது, கயல். உனக்காக நாங்கள் செய்தது உனக்கே தெரியும். கேள்விகளை முந்தின நாள் எழுதிவைக்கிற சிரமத்தை அவர்களுக்காகப் படத்தான் வேண்டும்.

உன் கேள்விகளையும் தலைப்புகளையும் எழுதி முடித்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கணினி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி தெளிவாக இருக்கிறதா, எந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று இரண்டு பேர் படித்தால் ஒரே மாதிரி போட முடியுமா என்பதை நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். வரும் சனிக்கிழமைக்குள் அனுப்பினால் ஞாயிறு காலை உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா