மகளுக்கு, பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மையும் தம்பியும் நலம். ஐப்பசிக் கடைசியில் வரும் அவன் கல்யாணத்துக்காக நீ பார்த்து வைத்திருக்கும் மூன்று பயணத் திட்டங்களின் படங்களும் நேற்று இரவு கைப்பேசியில் வந்து சேர்ந்தன. "இதில் எது நல்லது அப்பா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். மார்த்தாண்டத்தில் இருபத்தெட்டு ஆண்டு விமான டிக்கெட் எழுதிப் பிழைத்தவனிடம் இதைக் கேட்டால் ஒரே வரியில் பதில் வராது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றிலும் விலையைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தவற்றில் பாதியைப் படம் எடுக்கும்போது வெட்டிவிட்டிருக்கிறாய். எனக்கு வேண்டியது அந்தப் பொடி எழுத்துத்தான், மக்களே. அங்கே வரும் ஒவ்வொரு சொல்லும், பயணத்தில் ஏதாவது தவறினால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் சொல்.

முதலில் உள்ள, மூன்றிலும் மலிவான திட்டத்தைப் பார். பர்மிங்ஹாமிலிருந்து துபாய் வரை ஒரு கம்பெனி, துபாயிலிருந்து திருவனந்தபுரம் வரை வேறொரு கம்பெனி. நடுவில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறது. இது இணைப்பு விமானம் அன்று. தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே விலையாகக் காட்டியிருக்கிறார்கள். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால், இரண்டாவது கம்பெனிக்கு உன்னைப் பற்றிய கவலை எதுவும் இல்லை. அவர்கள் கணக்கில் நீ வராத பயணி. பெட்டிகளும் நேரே திருவனந்தபுரம் வந்து சேராது. குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே போய்ப் பெட்டிகளை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். அப்படி வெளியே போக விசா வேண்டும். உன் கணவரான நம் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பது நினைவிருக்கிறதா? அத்தகைய ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் கெடுபிடி காட்டுகிறது. கைக்குழந்தையோடு நடுராத்திரியில் அங்கே நின்று வாதாடுவதற்கா இந்த மலிவு?

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்று அறிய எளிய வழி உண்டு. டிக்கெட் எண் 13 இலக்கம் கொண்டது. முதல் மூன்று இலக்கம் அதை வெளியிட்ட கம்பெனியின் எண். 098 என்று தொடங்கினால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கத்தார். ஓர் ஆளுக்கு ஒரே 13 இலக்க எண்ணில் பயணம் முழுவதும் அடங்கினால், இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. பி.என்.ஆர். என்பது வேறு. அது ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறியீடு. ரயில்வேயின் பத்து இலக்கப் பி.என்.ஆர். போன்றதன்று. ரயிலில் பி.என்.ஆர். கையில் இருந்தால் பணம் கட்டியாகிவிட்டது என்று பொருள். விமானத்தில் பணம் கட்டாமலே பி.என்.ஆர். உருவாக்கி வைக்கலாம், குறித்த நேரத்துக்குள் டிக்கெட் வெளியிடாவிட்டால் அது தானாகவே செத்துவிடும். ஏஜெண்டுகள் சிலர் அதை மட்டும் அனுப்பிவிட்டு 'கன்ஃபர்ம் ஆகிவிட்டது' என்பார்கள். டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கு.

இரண்டாவது திட்டத்தில் 'கோட்ஷேர்' என்று இருக்கிறது. டிக்கெட் விற்பவர் ஒருவர், விமானம் ஓட்டுபவர் வேறொருவர். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டி எடை, குழந்தைக்குத் தொட்டில், சைவச் சாப்பாடு ஆகியவற்றை யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் வரும். 'இயக்குபவர்' என்று யார் பெயர் போட்டிருக்கிறதோ, விமான நிலையத்தில் அவர்கள் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அதே திட்டத்தில் வரும் 'டைரக்ட்' என்ற சொல்லை நம்பி 'எங்கும் இறங்க வேண்டாம்' என்று எண்ணிவிடாதே. எங்கும் நிற்காமல் வருவது 'நான்-ஸ்டாப்'. 'டைரக்ட்' விமானம் ஒரே எண்ணில் வந்தாலும் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம்.

பதிந்த விமானத்துக்கு ஆள் வராமல் போவதைக் குறிக்கும் 'நோ-ஷோ' என்ற சொல்லைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு நான் கொடுத்த விலை அப்படி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிக்கெட் என்பது பின்பக்கம் சிவப்புக் கார்பன் பூசிய தாள் புத்தகமாக இருந்த காலத்தில், கடற்கரை ஊரிலிருந்து வந்த பையன் ஒருவனுக்குத் திருவனந்தபுரம்–பம்பாய்–தம்மாம் டிக்கெட் எழுதிக் கொடுத்தேன். பம்பாயில் இருக்கும் அண்ணனோடு இரண்டு நாள் தங்கலாம் என்று நினைத்த அவன், யாரிடமும் சொல்லாமல் கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் ரயிலில் ஏறிப் பம்பாய் போய்விட்டான். தம்மாம் விமானத்துக்குப் போய் நின்றபோது ஏற்றவில்லை. அந்த டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள், அதாவது கூப்பன், இருக்கும்; அவற்றை வரிசைப்படிதான் பயன்படுத்த வேண்டும். முதல் கூப்பனுக்கு ஆள் வராவிட்டால் பின்னால் உள்ள இருக்கைகள் எல்லாம் ரத்தாகிவிடும். இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான், சொல்லவில்லை. அவன் அப்பா எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் மகளுடைய சங்கிலியை அடகு வைத்த சீட்டு இருந்தது. மூன்று மாதச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் வேறு டிக்கெட் எழுதினேன். தாள் டிக்கெட்டுகள் 2008 மே மாதத்தோடு முடிந்துபோயின. ஆனால் அந்த விதி பெரும்பாலான கம்பெனிகளில் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆகவே வரும் வழியில் ஏதாவது மாறி, ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாது என்று தெரிந்தால், விமானம் புறப்படுவதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் போய்விடும்.

குழந்தை விஷயத்தில் மூன்று திட்டங்களிலும் ஒரே தவறு செய்திருக்கிறாய். அவனை 'இன்ஃபண்ட்' என்று போட்டிருக்கிறாய். இரண்டு வயது நிறையாதவர்களுக்குத்தான் அந்தக் கட்டணம். மடியில்தான் இருக்க வேண்டும், தனி இருக்கை கிடையாது. அவனுக்குக் கார்த்திகை முதல் வாரத்தில் இரண்டு நிறைகிறது. நீங்கள் திரும்புவது அதற்கு அடுத்த வாரம். திரும்பிப் போகும்போது அவன் 'சைல்டு' கட்டணத்தில், தனி இருக்கையில்தான் போக முடியும். இதை இப்போதே சொல்லி வாங்கினால் கூடுதல் பணத்தோடு முடியும். கடைசி நாளில் கவுண்டரில் பிறந்த தேதியைப் பார்த்துக் கண்டுபிடித்தால், அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். இருக்கை இல்லாவிட்டால் மூன்று பேருமே நிற்க வேண்டும். அவன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'எம்எஸ்டிஆர்' என்ற எழுத்துகளை எழுத்துப்பிழை என்று நினைத்துப் பதறாதே. மாஸ்டர் என்பதன் சுருக்கம் அது.

கல்யாணம் முடிந்து மூணாறு பார்த்துவிட்டுக் கொச்சியிலிருந்து கிளம்பலாம் என்கிறாய். அதற்குத் திருவனந்தபுரத்துக்கு ஒரு வழி டிக்கெட்டும் கொச்சியிலிருந்து இன்னொரு வழி டிக்கெட்டும் வாங்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறும் டிக்கெட்டை நாங்கள் 'ஓப்பன் ஜா' என்போம். படத்தில் வரைந்தால் திறந்த தாடை போல இருக்கும். 'மல்டி-சிட்டி' என்ற இடத்தில் தேடினால் கிடைக்கும். பெரும்பாலும் போக வர எடுக்கும் டிக்கெட் விலையை ஒட்டியே வரும். உன் மூன்றாவது திட்டத்தை இப்படி மாற்றினால் அதுதான் சரியானது.

அந்தத் திட்டத்தில் நீ வந்திறங்குவது மாலை ஆறு மணிக்கு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், சாமியைக் கடலில் நீராட்டும் பத்மநாபசுவாமி ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதற்காக விமான நிலைய ஓடுபாதையை மாலையில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். 1956க்கு முன்பு நம் ஊரும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்ததால் உன் பாட்டனுக்கு இதெல்லாம் மனப்பாடம். அதற்கென 'நோட்டம்' என்ற அறிவிப்பு முன்பே வெளியாகும்; கம்பெனிகள் நேரத்தை மாற்றிக்கொள்ளும். கம்பெனியே நேரத்தை மாற்றினால் நஷ்டம் உன் தலையில் இல்லை. வேறு நாளுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். இந்த ஆண்டு ஆறாட்டு எந்த நாளில் வருகிறது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.

இனி அறைகள். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கன்னியாகுமரியில் நீ பார்த்த விடுதி மலிவுதான். ஆனால் அதில் 'ஈ.பி.' என்று இருக்கிறது. யூரோப்பியன் பிளான், அதாவது அறை மட்டும், சாப்பாடு இல்லை. ஐரோப்பாக்காரர்கள் பட்டினி கிடப்பார்கள் போலிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். 'சி.பி.' என்றால் காலைச் சாப்பாடு சேரும், 'எம்.ஏ.பி.' என்றால் அதோடு இன்னொரு வேளை, 'ஏ.பி.' என்றால் மூன்று வேளையும். வயதானவர்கள் வருவதால் சி.பி. எடு. கணவன் மனைவிக்கு 'டபுள்', பெரியம்மைமார் இருவருக்கு 'ட்வின்' என்று பிரித்துக் கேள். ட்வினில்தான் இரண்டு தனிக் கட்டில் இருக்கும். 'சீ ஃபேசிங்' என்றால் அறை கடலைப் பார்த்து இருக்கும். 'சீ வியூ' என்பதற்கு ஜன்னலில் கழுத்தை நீட்டினால் தெரியும் கடலும் போதும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் கூட்டம் வந்துவிடும்; விலை ஏறுவதற்கு முன் நாமே பதிந்துவிட வேண்டும். இங்கே 'நான்-ரிஃபண்டபிள்', அதாவது ரத்து செய்தால் பணம் திரும்பாத அறை, எடுக்காதே. சொந்தக்காரர் வருகை கடைசி வாரம் வரை உறுதியாகாது என்பது உனக்குத் தெரியும்.

வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் கார் பற்றி மாப்பிள்ளையிடம் நேரடியாகச் சொல்லத் தயங்கி உனக்கு எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் எடுத்துக் கொச்சியில் விடுவதானால் 'ஒன்-வே' கட்டணம் தனியாகக் கேட்பார்கள். அது வாடகையில் சேராது. 'எக்செஸ்' என்ற தொகையை முதலில் பார்க்கச் சொல். எக்செஸ் 25,000 ரூபாய் என்றும் சேதம் 40,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள். முதல் 25,000 அவர் கையிலிருந்து, மீதிதான் காப்பீட்டிலிருந்து. டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பகுதியும் பெரும்பாலும் அதிலும் சேராது. மூணாறு சாலையில் அடிபடுவது அவைதான். வண்டியை வாங்கும்போதே சுற்றிலும் காணொளி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வர அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

தெரிந்தவர் வண்டியை மலிவாக வாடகைக்குத் தருகிறேன் என்று உன் சித்தப்பா சொல்வார். வெள்ளை எண் பலகை கொண்ட சொந்த வண்டியை வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிடும். தாமே ஓட்டுவதற்கென முறைப்படி வாடகைக்கு விடும் வண்டியின் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். உண்மையைச் சொன்னால், குழந்தையோடு வரும் நீங்கள் மஞ்சள் பலகை டாக்சியில் ஓட்டுநரோடு போவதே எனக்கு நிம்மதி. கிலோமீட்டர் கணக்கு 'ஷெட் டு ஷெட்' ஆ, அதாவது வண்டி அவர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரையா, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு, ஒரு நாளுக்குக் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றையும் நானே பேசி முடித்துவிடுகிறேன்.

பெட்டி வந்து சேராவிட்டாலோ உடைந்து வந்தாலோ, விமான நிலையத்தில் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகார்ப் படிவத்தை எழுதி நகல் வாங்கிக்கொள். சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள் என்பது சர்வதேச விதியில் உள்ள கெடு. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதலாம் என்று விட்டால் வாதம் வலுவிழக்கும்.

மூன்றாவது திட்டத்தை ஓப்பன் ஜாவாக மாற்றி, திரும்பும் வழியில் குழந்தைக்கு இருக்கை சேர்த்து, பொடி எழுத்து முழுவதும் தெரியும்படி மறுபடி படம் எடுத்து அனுப்பு. திரும்பும் டிக்கெட்டில் ஆளுக்கு எத்தனை கிலோ என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். உன் அம்மை முந்திரிக்கொத்துக்கும் ஏத்தங்காய் உப்பேரிக்கும் இப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். எத்தனை கிலோ என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா
தக்கலை