வெள்ளை வேனும் ரொட்டிக்கார மாமாவும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை நம் பள்ளி வாயிலில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். ஒரு மணிக்கு வர வேண்டியவர்கள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டீர்கள். சாலையில் மூன்று வரிசையாகக் கார்கள். காவலாளி ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. வெள்ளை வேனில் வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போகிறார்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசிய குரல் பதிவுதான் காரணம். காலையில் வந்தபோது அது பட்டர்வொர்த்தில் நடந்தது. பத்து மணிக்கு அதே குரல், அதே அழுகை, இடம் மட்டும் ஜெலுத்தோங். காவல் நிலையத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காவல் நிலையத்தை அழைக்கும் முன்பே அந்தப் பதிவை என் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை, விரல் தானாகப் போனது. அதனால் இந்தக் கடிதம் எனக்கும் சேர்த்துத்தான்.

அன்று என்னைக் கலங்க வைத்தது கார் நெரிசல் அல்ல. முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தினமும் அவளுடைய தாய்மாமன் அழைத்துப் போவார். ரொட்டி விநியோகம் செய்பவர். வண்டி வெள்ளை வேன். அன்று அவரைப் பார்த்ததும் பிள்ளை பள்ளி நுழைவாயிலின் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவர் கையில் வழக்கம்போல் அவளுக்கென்று எடுத்து வைத்த காயா ரொட்டி. அதை நீட்டுவதா, பைக்குள் வைப்பதா என்று தெரியாமல் நின்றார். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியை ஒருவர் ஓடிவந்து "இவர் இவளுடைய மாமா" என்று சொல்லியிராவிட்டால் அன்று மாலை புதிதாக ஒரு செய்தி சுற்றியிருக்கும், இந்த முறை ஒரு முகத்தோடு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். ஆனால் அரண்டது குழந்தை அல்ல, நாம். உணவு மேசையில் ஒலிபெருக்கியில் அந்தப் பதிவை ஓடவிட்டோம். பிள்ளை தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டது.

மறுநாள் சபைகூடலில் பேச ஒரு காவல் துறை அதிகாரியை அழைத்தேன். அவர் சீருடையில் மேடையேறியதும் முதல் வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பையன் கையை உயர்த்தி, "சாப்பிடாதவர்களைப் பிடிக்க வந்தீர்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அறைக்குத் திரும்பிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைந்துபோன பிள்ளை முதலில் ஓடிச் சேர வேண்டிய ஆளையே நாம் பூச்சாண்டி ஆக்கி வைத்திருக்கிறோம்.

அந்தப் பூச்சாண்டி வளர்ந்த பிறகும் நம்மை விடுவதில்லை. என்னோடு பணியாற்றிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் நுழைந்தால் வகுப்பே மூச்சடக்கும், தொலைபேசியில் ஏமாந்து சேமிப்பை இழந்தார். மக்காவ் மோசடி என்கிறோமே, அதுதான். போலீஸ் என்றார்கள், நீதிமன்றம் என்றார்கள், கைது ஆணை என்றார்கள். கூடவே, "யாரிடமும் சொல்லாதே." மனைவியிடம்கூட மூன்று மாதம் அவர் வாய் திறக்கவில்லை. இத்தகைய அழைப்பில் பணம் போய்விட்டால் உடனே 997க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடுவதைத் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டுக் காத்திருக்கும் நேரம் திருடனுக்கு லாபம்.

பிள்ளைகளிடமும் இதே வெட்கத்தைப் பார்க்கிறேன். போன மாதம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் காலணிக்குள் கணிதத் தாள் மடித்துக் கிடந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் நீக்கப்பட்டது. அதன் பயத்தை நாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டோம் போலும். இப்போது பள்ளி மதிப்பீட்டில் பிள்ளையின் அடைவுநிலை மூன்றா நான்கா என்று நள்ளிரவில் எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வருகிறது.

பயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 வரை பினாங்குக் கடலைப் பார்த்து நம்மில் யாரும் அஞ்சியதில்லை. அன்று சுனாமியாக எழுந்து ஒரே நாளில் இம்மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோனது. இன்று சுமத்ராவில் நிலம் பெரிதாக அதிர்ந்தது என்றால் கரையை விட்டு விலகுகிறோம். அது உருப்படியான பயம். ஆனால் செவ்வாய்க்கிழமை வேனுக்குப் பயந்து விரைந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகள் ஏறினார்கள், ஒரு தலையில்கூடத் தலைக்கவசம் இல்லை. வேன் வதந்தி. சாலை வதந்தி அல்ல.

பொய்ச் செய்தியைப் பரப்பினால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு பாயலாம். சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமல்ல. அப்படிச் செய்தால் இந்தக் கடிதமே கேலிக்கூத்தாகிவிடும். கேட்பது இவ்வளவுதான்: இனி அப்படி ஏதாவது வந்தால் முதலில் பள்ளி அலுவலகத்தைக் கேளுங்கள். குரல் பதிவைப் பிள்ளை தூங்கிய பிறகு, காதில் வைத்துக் கேளுங்கள். சோறு ஊட்டப் போலீஸை அழைக்காதீர்கள்.

திங்கட்கிழமை முதல் பின்வாயிலும் 12.45க்குத் திறக்கும். தலைக்கவசம் இல்லாத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்ற அனுமதிக்க வேண்டாம் என்று காவலாளி ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் கோபிக்காமல் என்னிடம் வாருங்கள்.

அந்த மாமாவைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். இப்போது வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். வெள்ளிக்கிழமை அவள் பின்கதவைத் திறக்கச் சொல்லி, ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகு ஏறிக்கொண்டாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பினாங்கு