வெறுங்கால் ஷூ தொடர்பாக நான்காவது முறையாகப் புகார் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில். நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா. ₹7,499 கொடுத்து வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பில், படங்கள், டிக்கெட் எண்கள் எல்லாவற்றையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

வாங்கியது வெறுங்காலில் ஓடுவது போலவே இருக்க, குஷன் இல்லாமல் மெல்லிய சோலோடு செய்யும் உங்கள் வெறுங்கால் ஓட்ட ஷூவின் இரண்டாம் பதிப்பு, 8ஆம் சைஸ். "பனியன், ஃப்ளாட் ஃபுட் உள்ளவர்களுக்கு ஏற்றது" என்று பெட்டி மூடியிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். பனியன் (bunion) என்றால் கட்டைவிரல் அடிமூட்டில் வரும் புடைப்பு, ஃப்ளாட் ஃபுட் என்றால் தட்டைப் பாதம். எனக்கு இரண்டும் உண்டு, அதனால்தான் வாங்கினேன்.

ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை (உள்ளட்டையை) வெளியே எடுத்து, பாதம் விரிந்திருக்கும் மாலை நேரத்தில் முழு எடையையும் கொடுத்து அதன்மேல் நின்று அளந்தேன். விரல்களுக்குப் பின்னால் பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் என் கால் 104 மி.மீ., உங்கள் இன்சோல் 93 மி.மீ. துணியின் நெகிழ்வு அதைச் சமாளிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். விரல் நுனிக்குப் போகப் போக அது 78 மி.மீ. ஆகக் கூம்பிவிடுகிறதே? புடைப்புள்ள காலுக்கு இடம் வேண்டியது அங்கேதான். கட்டைவிரல் நேராக நிற்க வழியில்லாமல் இரண்டாம் விரல் பக்கம் சாய்ந்தால் அடிமூட்டு இன்னும் வெளியே தள்ளும். சாதாரண ஷூவின் லாஸ்டை (ஷூ தைக்க உதவும் கால் வடிவ அச்சை) வைத்துக்கொண்டு சோலை மட்டும் மெலிதாக்கியிருக்கிறீர்கள். ஆம்பூரில் ஷூ தைக்கும் யாரிடம் காட்டினாலும் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவார்.

அதைவிடக் கொடுமை அந்த ரப்பர் பட்டை. லோகோவிலிருந்து முன்னால் ஓடி, சரியாகப் புடைப்பின் உச்சியில் வந்து முடிகிறது. சுற்றியுள்ள துணி இழுபடுகிறது, சூடு வைத்து ஒட்டிய பட்டை இழுபடாது. 20 நிமிட நடையிலேயே அந்த இடம் சிவந்து, சட்டைப் பித்தான் அளவுக்கு வீங்கிவிட்டது. முதல் பதிப்பில் இந்தப் பட்டை இல்லை. ஏன் சேர்த்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதைத்தான் உங்கள் கால் சென்டரில் விளக்கினேன். "பனியன்லாம் நாங்க விக்கறதில்ல சார், ஷூ மட்டும்தான்" என்றார் அந்த ஊழியர். உங்கள் பெட்டியில் உள்ள சொல்லே உங்கள் ஊழியருக்குத் தெரியவில்லை! கட்டைவிரல் மூட்டுப் புடைப்பு என்று எடுத்துச் சொன்னதும், "அப்ப உங்க கால்லதான் ப்ராப்ளம். கால் வளைஞ்சவங்க எதுக்கு சார் ஓடணும்?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்கள்தானே சொல்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

தட்டைப் பாதத்துக்கு என்று இன்சோலுக்கு அடியில் ஒரு நுரை மேட்டை ஒட்டியிருக்கிறீர்கள். தட்டைப் பாதம் எல்லாம் ஒன்றல்ல. குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நிற்கும்போது உள்வளைவு தெரிந்தால் அது நெகிழும் வகை. அந்தக் காலைப் பயிற்சியால் பழக்கலாம். வளைவு எழும்பவே இல்லை, அல்லது ஒற்றைக் காலில் குதியைத் தூக்கவே முடியவில்லை என்றால் ஓடும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த வகைக் காலுக்கு இந்த மேடு என்று எங்கேயும் எழுதவில்லை. பாதத்தின் சின்னத் தசைகளை வேலை செய்ய வைக்கும் ஷூ என்று விற்றுவிட்டு, அந்த வேலையை மேட்டிடம் கொடுத்தால் என்ன அர்த்தம்? பிய்க்கப் பார்த்தால் அடி அட்டையும் சேர்ந்து வருகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது உங்கள் கையேடு. "முதல் நாள் 3 கி.மீ., முதல் வாரத்தில் 10 கி.மீ." என்று போட்டிருக்கிறீர்கள். புடைப்புள்ள காலில் கட்டைவிரல் தன் பங்குச் சுமையைத் தாங்காது, அது இரண்டாம் விரலுக்குப் பின்னாலுள்ள எலும்புக்கு மாறும். குஷன் இல்லாத ஷூவில் திடீரென்று 10 கி.மீ. ஓடினால் அந்த எலும்பில் மயிரிழை விரிசல் வரலாம். தட்டைப் பாதக்காரர்களுக்கு உட்கணுக்காலுக்குப் பின்னால் போகும் தசைநாணும் வலிக்கத் தொடங்கும்.

கையேட்டில் இருக்க வேண்டியது இதுதான்: முதல் இரண்டு மூன்று வாரம் 20 நிமிட நடை மட்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை. கெட்டியான சமதரையில் தொடங்க வேண்டும், பெசன்ட் நகர் கடற்கரை போன்ற புதைமணலில் அல்ல. மணலில் குதிகால் புதைந்து கெண்டைக்காலை இழுத்துவிடும். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. இதில் ஒரு வரியாவது கையேட்டில் உண்டா? முதல் பக்கத்தில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் வென்ற அபேபே பிகிலாவின் படம்தான் இருக்கிறது. அவரே 1964 டோக்கியோவில் ஷூ போட்டுத்தான் வென்றார்.

அம்பத்தூர் விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். "நேர்ல கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்" என்று அதே ஊழியர் முதல் அழைப்பில் சொன்னதை நம்பி, ஒரு சனிக்கிழமை திருவான்மியூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷூவோடு போனேன். "இது குடோன் சார், கஸ்டமர்லாம் உள்ள விட மாட்டாங்க" என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டி. அவர் மேல் குறையில்லை, உட்கார நாற்காலி கொடுத்தார். வெயிலில் 23 நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டிருந்த பிறகு கிடைத்த பதில், "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க." வீங்கிய காலோடு போய் வந்த அந்த ஒரு நாளுக்கே நீங்கள் ஷூ விலையைப் போல் பத்து மடங்கு தர வேண்டும். ஆறு மாதப் பயிற்சி மண்ணாய்ப் போனதற்கு விலையே கிடையாது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. ஆனால் 2020 மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யவும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தயாராக இருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. பாத தசையை வலுப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் தொடர்ந்த வழக்கை, உங்களைப் போலவே வெறுங்கால் ஷூ விற்கும் வைப்ரம் நிறுவனம் 2014இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே 37.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. "பனியனைச் சரிசெய்யும்" என்று உங்கள் இணையதளத்தில் இருப்பது அதைவிடப் பெரிய வாக்குறுதி. இடம்பெயர்ந்த எலும்பை எந்த ஷூவும் திருப்பி வைக்காது, உரசலைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கையேட்டைத் திருத்துங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ₹7,499 முழுதாக 15 நாளில் என் கணக்குக்கு வர வேண்டும், கூப்பனாக வேண்டாம்.

ஷூ பெட்டியோடு வீட்டில்தான் இருக்கிறது. பிக்கப்புக்கு ஆள் அனுப்பினால் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள். போன முறை விடியற்காலை 6 மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று டிக்கெட்டை க்ளோஸ் செய்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை