கோடைப் பயணத்தில் ஓர் அரைநாள்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கவிருக்கும் இவ்வேளையில் உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் பள்ளிக் குடும்பங்களில் பல, உறவினர் திருமணத்துக்காகவோ, காசி, ஷீரடி போன்ற தலங்களை வழிபடவோ, வெளிமாநிலத்தில் வேலை செய்யும் அப்பாவுடன் சில வாரங்கள் தங்கிவரவோ, நெடுந்தொலைவு ரயிலில் செல்கின்றன. அப்பயணத்தில் ஓர் அரைநாளை ஒதுக்கி, ஒரே வகைப் பொருளுக்கென்றோ அன்றாட வீட்டுப் பொருள்களுக்கென்றோ அமைக்கப்பட்ட அருங்காட்சியகம் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பெரிய அருங்காட்சியகங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, ஒன்றரை மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் வரிசையாகக் கடக்க வைத்தோம். திரும்பும் வழியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “நிறையப் பார்த்தோம்” என்றாள். அதற்கு மேல் அவளால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. தவறு அவளுடையதன்று, நேரத்தை அப்படி வகுத்த எங்களுடையது. குறைவாகப் பார்த்து நின்று கவனிக்கும் இடமே பிள்ளைகளுக்குத் தேவை என்று அன்று முதல் எண்ணி வருகிறேன்.

புனே நகரிலுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் அத்தகைய இடம். தினகர் கேல்கர் ஒரு கவிஞர். 1920ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி நாடெங்கும் அலைந்து, அரசர்களின் வாளையும் முடியையும் விட, வீட்டில் புழங்கிய பொருள்களையே பெரிதும் தேடிச் சேர்த்தார். சிறுவயதில் இறந்துபோன தம் ஒரே மகன் ராஜாவின் பெயரையே அந்தத் தொகுப்புக்குச் சூட்டினார். விளக்குகள், மைக்கூடுகள், கதவுகள், இசைக்கருவிகள் என்று விரியும் அந்தத் தொகுப்பில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை பாக்குவெட்டிகள். பறவை, குதிரை, மனித உருவம் என ஒவ்வொன்றும் ஒரு வடிவம். வெட்டும் வேலைக்கு ஓர் அலகும் இரண்டு பிடிகளும் போதும். ஆனாலும் அதைச் செய்த கொல்லர், பறவையின் கழுத்தைப் பிடியாக வளைத்து, கண் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியைக் குத்தியிருக்கிறார். நம் பாட்டிமார்களின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த பாக்குவெட்டியை நான் ஒருநாளும் அவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

ராஜஸ்தானத்துக்குச் செல்வோர் ஜோத்பூருக்கு அருகே மோக்லாவாஸ் கிராமத்திலுள்ள அர்ணா ஜர்ணா அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரி, கைவிடப்பட்ட கல் சுரங்க நிலம் ஒன்றில் உருவாக்கிய இந்த இடத்தின் முதன்மைக் காட்சிப்பொருள் துடைப்பம். ராஜஸ்தானத்தைக் கம்பு, சோளம், மக்காச்சோளம் விளையும் வட்டாரங்களாகப் பிரித்து ஆராய்ந்தவர் அவர். அதே பார்வையில், எந்த மண்ணில் எந்தப் புல் முளைக்கிறதோ அதற்கேற்பத் துடைப்பமும் மாறுவதை அங்கே காணலாம். வீட்டுக்குள் பெருக்கும் மென்மையான துடைப்பத்தைப் பெண்ணாகவும் இலக்குமியோடு தொடர்புடையதாகவும், வாசலையும் தொழுவத்தையும் பெருக்கும் முரட்டுத் துடைப்பத்தை ஆணாகவும் கருதும் வழக்கம் அங்கு உண்டு. ஈர்க்குமாற்றையும் பூந்துடைப்பத்தையும் வேறுவேறு இடத்தில் வைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். துடைப்பத்தை நாள்தோறும் கட்டி விற்பவர்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுங்கள்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் கரையேற்றி நிறுத்தப்பட்டுள்ள ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏறினால் போதும். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வுபெற்று, 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கும் அது ஏறத்தாழ 91 மீட்டர் நீளமுடையது. அவ்வளவு நீளத்திலும் மனிதர் நடக்கக் கிடைப்பது ஒரு குறுகிய வழி மட்டுமே என்பதை உள்ளே செல்பவர்கள் தம் தோள்களாலேயே உணர்வார்கள்.

தில்லியில், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மைகள் அருங்காட்சியகம் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. அதே நகரில் பிந்தேஷ்வர் பாடக் 1992இல் தொடங்கிய சுலப் கழிப்பறை அருங்காட்சியகமும் உள்ளது. பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்கப் பாடுபட்ட ஒருவர் எதற்காக இதைத் தொடங்கினார் என்று, பார்த்து முடித்தபின் அவர்களிடம் கேளுங்கள்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்களுக்கு மூணாறு இருக்கிறது. அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய உருட்டு இயந்திரங்களும், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்த குண்டலா பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரமும், கருங்கல்லில் அமைந்த ஒரு சூரியக் கடிகாரமும் உள்ளன. அக்கடிகாரத்தை 1913இல் செய்தவர்கள் நம் நாசரேத் ஊரின் தொழிற்பள்ளியினர். அந்த மலையில் கொழுந்து பறிக்கப் போனவர்களும் பெரும்பாலும் நம் தென்மாவட்டத்து மக்களே. வெயில் இருக்கும் நேரத்தில் சென்று, அந்தச் சூரியக் கடிகாரத்தின் நிழலையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள்.

இத்தகைய இடங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், புறப்படும் முன் நேரத்தைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பிள்ளை ஒரு பொருளின் முன்னால் நின்றுவிட்டால், தயவுசெய்து “வா, நேரமாகிறது” என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். படம் எடுப்பதைவிட, பிடித்த ஒரு பொருளைப் பென்சிலால் வரைந்துவரச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் சரி. இதற்காகக் கட்டுரை எதையும் பள்ளி கேட்காது, மதிப்பெண்ணும் இல்லை.

பள்ளி திறக்கும் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பறையின் பின்புறத்திலும் ஒரு மேசை போடப்படும். பயணம் சென்றவர்களும் செல்லாதவர்களும், வீட்டிலுள்ள பழைய புழங்குபொருள் ஒன்றைப் பெரியவர்களின் ஒப்புதலோடு கொண்டுவந்து அங்கே வைக்கலாம். அதை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, ஒரு சிறு அட்டையில் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதி அனுப்புங்கள். விலையுயர்ந்த பொருள்கள் வேண்டாம். கூர்மையானவற்றைத் துணியில் சுற்றி, நீங்களே நேரில் வந்து வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்