புதுச்சேரி உணவக உரிமையாளர்களே, அந்த ஒயின் பாட்டிலை அலமாரியிலிருந்து இறக்குங்கள்

வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். சம்பளம் வந்த வாரத்தில் மனைவியும் நானும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து உங்களில் யாராவது ஒருவர் கடையில் சாப்பிடுவது பல வருட வழக்கம். சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின். விலை உயர்ந்ததெல்லாம் கேட்பதில்லை, நாசிக்கில் செய்தது போதும். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாட்டில் கொண்டுபோக வழியில்லை என்பதால், நீங்கள் ஊற்றித் தரும் அந்த ஒரு கிளாஸ்தான் எங்களுக்கு எல்லாம்.

போன மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, எங்கள் கல்யாண நாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய மீன் எதுவும் இல்லை, இறால் சொன்னோம். தேங்காய்ப்பால் விட்டு, வடவம் தாளித்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'வாதூவான்' என்று பேர் வைத்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோன அதே வடவம். சின்ன வெங்காயம் கருகாமல் சிவந்து, வெந்தயத்தின் லேசான கசப்பு பாலில் இறங்கியிருந்தது. அந்தச் சமையல்காரர் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

அப்புறம் ஒயின் வந்தது. கிளாஸைத் தொட்டாலே வெதுவெதுப்பு. முகர்ந்தால் காய்ச்சிய ஜாம் வாசனை, அதற்கடியில் வினிகர். பாட்டில் எங்கே இருந்தது என்று பார்த்தேன். காபி மெஷினுக்கு மேலே உள்ள அலமாரியில், பளிச்சென்ற விளக்கடியில், பாதி காலியாக, கார்க்கை மறுபடி திணித்து நிறுத்தியிருந்தார்கள். எப்போது திறந்தது என்று பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "ரெட் ஒயின்னா ரூம் டெம்பரேச்சர்தான் சார்" என்றார். அவர்மேல் தப்பில்லை, அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த 'ரூம்' நம்ம ஊர் ரூம் இல்லை ஐயா. ஐரோப்பாவில் குளிர்ந்த கல் வீடுகளில் இருந்த 16, 18 டிகிரியைச் சொன்ன பேச்சு அது. நம் கடற்கரையில் மே மாத மதியம் 38 டிகிரியைத் தொடும். ஒயினைச் சேமித்து வைக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். 30 டிகிரிக்கு மேல் சில வாரம் இருந்தாலே பழ மணம் போய் வெந்த வாசனை வந்துவிடும். வெளிச்சமும் ஆகாது. திறந்த பாட்டிலில் காற்று புகுந்து ஒயினைக் கெடுக்கும், சூடு அந்த வேலையை இன்னும் வேகமாக்கும்.

சூடு என்ன செய்யும் என்பது சமையலறையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மிக்ஸியில் உளுந்து அரைக்கும்போது என் மனைவி ஐஸ் தண்ணீர் விட்டுத்தான் அரைப்பாள். பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடாகிவிடும். கிரைண்டர் வாங்கிய பிறகு அந்தக் கவலை போயிற்று, கல் மெதுவாகச் சுற்றுகிறது. உங்கள் சமையலறையிலும் இறால் ஐஸில்தான் இருக்கிறது. வடவ உருண்டைக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காய வைக்கிறவரும் அதே வெயிலில் இறாலை வைக்க மாட்டார். ஒயினும் அந்த இறாலைப் போல ஒரு சாப்பாட்டுப் பொருள்தானே?

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஒயினுக்கென்று குட்டி ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கம்ப்ரசர் இல்லாமல் சத்தமின்றி ஓடுகிற மலிவு வகை, வெளியே இருக்கும் சூட்டிலிருந்து ஓரளவுதான் குறைக்கும். நம் ஊர் மே மாதத்தில் திணறிப்போகும். அதுவும் வேண்டாமென்றால், சோடா வைக்கிற ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். வெள்ளை ஒயினை அதிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றலாம். சிவப்பை ஒரு கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் சரி. அவசரமென்றால் வாளியில் வெறும் ஐஸ் போடாமல் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் சேருங்கள், பாட்டில் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

திறந்த பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ். அன்றைக்கு 2 கிளாஸ்தான் விற்றது என்றால், மிச்சமுள்ள 450 மில்லியில் ஒரு 375 மில்லி பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மீதி 75 மில்லி சமையலுக்கு. காற்றுக்கு இடமில்லாததால் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் அது சமையலுக்குப் போகட்டும், எங்கள் கிளாஸுக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் நம் மீன் குழம்புக்கும் கோழிக்கும் பக்கத்தில் துவர்ப்பான சிவப்பு ஒயினையே போடுகிறீர்கள். மிளகாய்க் காரம் அந்தத் துவர்ப்போடு சேர்ந்தால் நாக்கு எரியும். லேசாக இனிப்புள்ள ஷெனின் பிளாங்க்கை நன்றாகக் குளிரவைத்து வடவக் குழம்போடு கொடுத்துப் பாருங்கள். இந்தியாவில் செய்வதிலேயே விலை குறைந்த வெள்ளை ஒயின்களில் அதுவும் ஒன்று. மெனுவில் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல் மேலே போடுங்கள்.

விலை குறைந்த ஒயினைக் கேட்பவருக்கு அதன் ருசி தெரியாது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு நாள் குடிக்கிறவனுக்கு அந்த ஒரு கிளாஸ் நாக்கிலேயே நிற்கும்.

தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. படகுகள் திரும்பி, சங்கராவும் வஞ்சிரமும் வரத் தொடங்கிய முதல் சனிக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை கேட்போம். கிளாஸில் பனி பூத்திருக்க வேண்டும்.

அன்புடன்,
கடலூரிலிருந்து வரும் உங்கள் வாடிக்கையாளர்