பேத்தியின் மாத்திரையும் உன் மாத்திரையும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கோமதி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நான்கு மாதம் போய்விட்டது. காரணம் பேத்தி. இரண்டாம் மாதத்தில் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாள். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது. பச்சைப் பிள்ளையின் தொடையில் நாள்தோறும் இன்சுலின் ஊசி. மருமகள் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

இப்போது ஊசி இல்லை. மரபணுச் சோதனை முடிவு வந்ததும் மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். என்ன மாத்திரை தெரியுமா? பன்னிரண்டு ஆண்டுகளாக நீ சர்க்கரை நோய்க்குக் காலை இட்லிக்கு முன் விழுங்குகிறாயே, அதே கிளிபென்கிளமைடு! பொடித்துத் தண்ணீரில் கரைத்து, அவள் எடைக்குத் தக்க அளவு வாயில் விடுகிறோம்.

கிழவிக்கும் குழந்தைக்கும் ஒரே மாத்திரையா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் படம் போட்டுச் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நம் உடம்பின் ரத்தம் முழுவதிலும் சேர்ந்து ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான் இருக்கிறது. அது கூடுகிறதா குறைகிறதா என்று கவனிப்பவை கணையத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். அவற்றுக்குக் கண்ணா இருக்கிறது? குழம்பு வைப்பவள் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதுபோல, வரும் சர்க்கரையை அவை தாமே எரித்துப் பார்க்கின்றன. குளுக்கோகைனேஸ் என்ற நொதிதான் நாக்கு. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற அதன் வேலையும் வேகமெடுக்கும்.

எரித்தால் ஏ.டி.பி. என்ற ஆற்றல் பொருள் பெருகும். செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் சிறு கதவுகள் உண்டு, ஏ.டி.பி. பெருகினால் அவை மூடிக்கொள்ளும். சர்க்கரை எரியும்போது இந்தக் கதவு மூடுகிறது என்று 1984-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்தவர் பிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற பெண்மணி. கதவு மூடினால் சுவரின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், பொட்டலம் பொட்டலமாகக் காத்திருக்கும் இன்சுலின் ரத்தத்தில் கொட்டும். நாம் உண்ட சில நிமிடங்களுக்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது, கோமதி.

பேத்திக்கு அந்தக் கதவு மூடவில்லை. இன்சுலின் உள்ளே நிறைந்திருக்கிறது, ஏ.டி.பி.யும் வருகிறது, மரபணுவில் ஓர் எழுத்து மாறிப்போனதால் கதவு அதன் பேச்சைக் கேட்பதில்லை. இந்தக் கோளாறை இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் ஹாட்டர்ஸ்லி என்ற மருத்துவரின் குழு 2004-இல் கண்டறிந்தது. மாத்திரை வேறு பக்கமாக வந்து அதே கதவை அழுத்தி மூடுகிறது. 2006-இல், இத்தகைய நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் யாரென்றுகூட என் மருமகளுக்குத் தெரியாது. நான் தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

உனக்கு இதையெல்லாம் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆண்டு கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ஆறு நாளும் பட்டினி இருக்கப்போவதாக எழுதியிருந்தாய். மாத்திரை சர்க்கரையைப் பார்த்துக் கதவை மூடுவதில்லை, கோமதி. நீ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மூடும், இன்சுலின் வரும். வெறும் வயிற்றில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். போன ஆண்டு விரதத்தின்போது வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது என்று சொன்னாயே, அதை நீ களைப்பு என்றாய். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. கிளம்புவதற்கு முன் உன் டாக்டரைப் பார்த்து, விரதத்தைச் சொல்லி, அவர் சொன்னபடி செய். கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். முடிந்தால் திரும்பும் வழியில் இங்கே இறங்கு. பேத்தி இப்போது குப்புற விழுகிறாள், ஆள் பார்த்துச் சிரிக்கிறாள்.

உன்
சரஸ்வதி