இருப்பு வைப்பது பற்றி மகளுக்கு

பட்டர்வொர்த்

அன்பு மகள் கவிதாவுக்கு,

உடல் தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் முறையிலிருந்து கணினிக் கட்டமைப்பை வடிவமைப்பவர்கள் என்ன கற்கலாம் என்று கேட்டு நீ புலனத்தில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். குழுவினர் முன் உரையாற்றப் போகிறாய் என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காலமெல்லாம் உயிரியல் கற்பித்தவனிடம் நீ ஐயம் கேட்டதில் எனக்கும் பெருமைதான். அந்தச் செய்தி விடியற்காலை மூன்று மணிக்கு வந்திருந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

வியர்வையையும் உடல் வெப்பநிலையையும் காட்டிப் பின்னூட்டத்தை, அதாவது மாற்றத்தை அளந்து உடல் தானே சரிசெய்துகொள்ளும் முறையை, விளக்குவதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். நீ அதற்கு அப்பாலும் போக வேண்டும். பாலம் கட்டுவோர் கணக்கில் வைக்கும் பாதுகாப்புக் காரணி, அதாவது தேவைக்கு மேல் வைக்கும் இருப்பு, உயிர்களின் உடலுக்குள்ளும் இருக்கிறதா என்று சாமுவேல் மெல்ட்சர் என்னும் உடலியல் அறிஞர் 1907இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். சிறுநீரகங்களில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மனிதன் வாழ்கிறான். சுமார் ஆறு லிட்டர் காற்றைக் கொள்ளக்கூடிய நுரையீரல், அமைதியாக மூச்சு விடும்போது அரை லிட்டரைத்தான் மாற்றுகிறது. பொறியாளர்களிடம் நாங்கள் கடன் வாங்கிய கருத்து அது.

உங்கள் கணினி இயந்திரங்கள் முழுத் திறனில் 95 விழுக்காடு வேலையில் ஓடுவதாகத் தீபாவளியன்று மகிழ்ச்சியோடு சொன்னாய். வேலைகள் ஒழுங்கின்றி வந்து ஒரே இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் எளிய கணக்கில், 80 விழுக்காட்டில் ஒரு வேலை காத்திருக்கும் சராசரி நேரம் அதைச் செய்து முடிக்கும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு. 95 விழுக்காட்டில் பத்தொன்பது மடங்கு. இதைத் தாளில் எழுதி எனக்கு விளக்கியவளே நீதான். கோலாலம்பூரில் 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தையும் உரையில் சேர்த்துக்கொள்; வெள்ளநீர் வடிகாலும் வாகனச் சாலையும் சேர்ந்தது அது. பெருவெள்ளத்தின்போது வாகனங்களை வெளியேற்றிவிட்டுச் சாலைத் தளத்திலும் நீரை விடுகிறார்கள் என்றால், அந்த இடத்தை மழைக்கு முன்பே ஒதுக்கி வைத்ததால்தான் அது முடிகிறது.

ஆனால் உன் உரையின் மையமாக நான் வைக்க விரும்புவது வேறொன்று. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரங்கள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. அவர்களோ அந்தச் சரிவைப் பெரும்பாலும் உணரவில்லை. அளக்கும் கருவியே பிழையாகக் காட்டத் தொடங்கினால் பின்னூட்டம் எவ்வளவு சிறப்பாக அமைந்திருந்தாலும் பயனில்லை என்பதால், வெளியிலிருந்து அளக்கும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். நீ சாப்பிட்டாயா, உறங்கினாயா என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்கிறாய். அந்தப் பதிலை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

தைப்பூசத்திற்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். தண்ணீர்மலையில் உன் அம்மா தனியாகத்தான் பால்குடம் எடுத்தாள். உன் திறமையில் எனக்கு ஐயமில்லை. உறங்கு, நேரத்தோடு உறங்கு என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உரையின் வரைவை அனுப்பினால் உடலியல் பகுதியைத் திருத்தித் தருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் ரயிலேறிக் கோலாலம்பூருக்கு வந்து உன்னோடு சில நாள் தங்கலாமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா